வார்ம் ஷேடா, கூல் ஷேடா? ஐந்து மழைக்காலம் பார்த்த புதுச்சேரிச் சுவர்கள்

கிரீம், சந்தனம், பீச் எல்லாம் வார்ம். வெளிர் நீலம், ஆஷ் (சாம்பல்), கடல் பச்சை எல்லாம் கூல். பெயிண்ட் கடை ஷேடு கார்டைப் பார்த்து ஒன்றைச் சொல்லிவிடுவது எளிது. ஐந்து ஐப்பசி, கார்த்திகை கழிந்த பிறகும் பிடித்திருக்க வேண்டுமென்றால் முதலில் ஜன்னல் எந்தத் திசை என்று பாருங்கள்.

வடக்கு அறையில் வெயிலே வராது, வார்ம்தான் அடிக்க வேண்டும் என்பது ஐரோப்பியக் கணக்கு. புதுச்சேரியும் கடலூரும் ஏறத்தாழ 12 டிகிரி வடக்கில் இருப்பதால், ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் 20 வாக்கில் வரை உச்சிவேளைச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும், வடக்கு ஜன்னலிலும் வெயில் படும். மார்கழியில் அதே அறையில் வானத்தின் நீல வெளிச்சம் மட்டுமே. வெளிர் நீலச் சுவர் அப்போது ஆஸ்பத்திரி வார்டு போல வெளிறிவிடும். இரண்டு பருவத்துக்கும் தாங்குவது வெளிர் கிரீம்தான். மேற்கு அறைக்கு நேர் எதிர்: மாலை வெயில் பட்டால் மஞ்சள் சுவர் கண்ணைக் கூசும், ஆஷ் அமைதியாக இருக்கும்.

கூல் ஷேடு அடித்தால் வீடு குளிரும் என்பதை நம்ப வேண்டாம், அது கண்ணுக்கு மட்டும். வெளிச்சுவர் சூடேறுவதைப் பெரிதும் முடிவு செய்வது நிறம் வெளிரா, அடர்த்தியா என்பது.

6500 கெல்வின் டியூப்லைட்டின் நீல வெள்ளை வெளிச்சத்தில் சந்தனம் சோகை பிடித்துத் தெரியும். 3000 கெல்வினின் மஞ்சள் வெளிச்சத்தில் ஆஷ் அழுக்காகத் தெரியும். பெயிண்டைக் குறை சொல்லும் முன் இரண்டுக்கும் இடைப்பட்ட 4000 கெல்வின் பல்பு போட்டுப் பாருங்கள். சிவப்பு ஆக்சைடு தரை இருந்தால் ஆஷ் சுவரின் கீழ்ப்பாதியில் ரோஸ் சாயல் ஏறும்.

நாள்பட நாள்பட வித்தியாசம் தெரிவது உப்பில்தான். கடலோரத்தில் உப்பு கலந்த போர் தண்ணீரில் பூசிய சுவரில் வெள்ளையாக உப்பு பூக்கும். கிரீமில் அது கண்ணில் படாது. அடர் நீலத்திலும் சாம்பலிலும் முதல் மழைக்கே தெரியும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போகும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். ஈரம் வரும் வழியை அடைக்காமல் மேலே வால் புட்டி பூசினால் அடுத்த மழையில் பொரிந்து உதிரும்.

வெளியே மஞ்சள் வேண்டுமென்றால் பளிச்சென்ற எலுமிச்சை மஞ்சள் வேண்டாம், சீக்கிரம் வெளுக்கும். இரும்பு ஆக்சைடு நிறமி சேர்ந்த கடுகு மஞ்சள் வெயிலைத் தாங்கும். பிரெஞ்சுக் குடியிருப்பில் அந்த மஞ்சளுக்கு வெள்ளை பார்டர். அதே தெருக்களில் அரவிந்தர் ஆசிரமக் கட்டடங்களின் சாம்பலும் வெள்ளையும் எவ்வளவு எடுப்பாக இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சாம்பிள் டப்பா வாங்கி, பிரைமர் (அடிப்பூச்சு) அடித்த இரண்டு சுவரில் இரண்டடிச் சதுரமாக இரண்டு கோட் அடித்து, காலை, மாலை, இரவு மூன்று வேளையும் பாருங்கள். நான்கு சுவரிலும் ஏறியதும் நிறம் கார்டைவிடக் கூடுதலாகத் தெரியும். ஆகவே அதே வரிசையில் ஒரு படி வெளிறியதை எடுங்கள்.

10க்கு 12 அறை, 10 அடி உயரம்: கதவு ஜன்னல் போக சுமார் 380 சதுர அடி. இரண்டு கோட்டுக்கு ஆறு, ஆறரை லிட்டர் பிடிக்கும். எல்லா டப்பாவையும் ஒரே வாளியில் கலந்துவிட்டு அடித்தால் ஷேடு மாறாது. அரை லிட்டரை ஷேடு எண் எழுதி எடுத்து வையுங்கள். சின்னக் கறைக்கு அது போதும். பெரிய இடம் என்றால் மூலை முதல் மூலை வரை அந்தச் சுவர் முழுக்க அடித்தால்தான் திட்டுத் தெரியாது.