வெயின்-ராய், ஜேசிபி மார்க் 1, கேஸ் 320: விசையை ட்ராக்டர் எப்படித் தாங்கியது?

எண்ணெய் அழுத்தத்தால் இயங்கி, ட்ராக்டரின் பின்னால் நின்று மண் தோண்டும் கைதான் ஹைட்ராலிக் பேக்ஹோ. அதன் முதல் பத்தாண்டில் மூன்று வண்டிகள் மூன்று வழியில் போயின. 1948-ல் விற்பனைக்கு வந்தது வெயின்-ராய். 1953-ல் ஜேசிபி மார்க் 1. 1957-ல் கேஸ் 320. எது முந்தியது என்ற வழக்கு சேகரிப்பாளர்களிடையே இன்னும் ஓயவில்லை. பூம் (மேற்கை), டிப்பர் (முன்கை), பக்கெட் (அள்ளும் வாளி) என்ற கை மூன்றிலும் ஒரே குடும்பம்தான். அந்தக் கையின் விசை ட்ராக்டரின் உடம்பு வழியாகத் தரைக்கு எப்படி இறங்கியது என்று பார்த்தால்தான் மூன்றையும் எடைபோட முடியும்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் உள்ள ஹப்பர்ட்ஸ்டனில் வைனோ ஹோலோபைனனும் ராய் ஹேண்டியும் 1947-ல் சோதனை வண்டியை உருவாக்கினார்கள். மறு ஆண்டு ஏப்ரலில் ஃபோர்டு 8என் ட்ராக்டரில் பூட்டிய முதல் பேக்ஹோ, கனெக்டிகட் மின் நிறுவனத்துக்கு 705 டாலருக்கு விலைபோனது. தோண்டுவது மட்டுமன்றி, கையைப் பக்கவாட்டில் திருப்புவதையும் எண்ணெய் அழுத்தத்திடமே ஒப்படைத்தது இதன் பெரிய சாதனை.

ஆனால் 8என் இதற்கென்று பிறந்த வண்டி இல்லை. எடை சுமார் 1,100 கிலோதான். அதன் சொந்த ஹைட்ராலிக் பம்ப் பி.டி.ஓ. தண்டிலிருந்து (எஞ்சின் சக்தியை வெளிக்கருவிகளுக்குத் தரும் தண்டு) ஓடுவதால், கிளட்சை மிதித்தால் பம்பும் நின்றுவிடும். லிஃப்ட் தூக்க மட்டுமே செய்யும். இறங்குவது சுமையின் எடையால். பக்கெட்டை மண்ணுக்குள் அழுத்த இருபக்கமும் வேலை செய்யும் சிலிண்டர் வேண்டும், எஞ்சின் ஓடும்வரை ஓடும் தனி பம்ப் வேண்டும். இன்றைக்கு 8என்-ல் ஒரு பேக்ஹோவைப் பூட்ட நினைப்பவர், கிராங்க்ஷாஃப்டின் முன்முனையிலிருந்து ஓடும் பம்பைப் பொருத்துவது நல்லது. கலப்பை போன்றவற்றைப் பூட்டும் பின்பக்க மூன்று-புள்ளி இணைப்பில் மட்டும் கையைத் தொங்கவிடவே கூடாது. பூம் அழுத்தும்போது பேக்ஹோ மேலெழுந்து ட்ராக்டர் பக்கம் மடியும். நடுவில் உட்கார்ந்திருப்பவர் நசுங்குவார்.

ஜோசப் சிரில் பாம்ஃபோர்டின் மார்க் 1 இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயரில் உருவானது. அடியில் இருந்தது ஃபோர்ட்சன் மேஜர், 8என்-ஐப் போல ஏறக்குறைய இருமடங்கு எடை. முன்னால் மண்ணை அள்ளித் தூக்கும் லோடர், பின்னால் பக்கவாட்டில் திரும்பும் தோண்டும் கை. இந்த ஜோடி சேர்ந்ததுதான் இதன் உயிர்நாடி என்போம். பின்னால் கை மட்டும் இருந்தால் ஓடும்போது முன்சக்கரம் மிதக்கும், ஸ்டியரிங் பிடிக்காது. முன்னால் லோடர் மட்டும் இருந்தால் பின்சக்கரத்துக்குப் பிடிமானம் போய்விடும். இரண்டும் இருந்தால் ஒன்றுக்கொன்று எதிர்ப்பாரம்.

அதே ஜோடி ஒரு புதுத் தொல்லையையும் கொண்டுவந்தது. 8என்-க்கும் சரி, மேஜருக்கும் சரி, தனி சேஸிஸ் கிடையாது. எஞ்சின், கியர்பாக்ஸ், பின் அச்சு ஆகியவற்றின் வார்ப்பிரும்புக் கூடுகளை போல்ட்டில் இணைத்ததுதான் முதுகெலும்பு. முன்னால் ஒரு பாரம், பின்னால் ஒரு பாரம், நடுவில் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் பெல் ஹவுசிங் கூடு வளைவை வாங்கும். முதலில் போல்ட் தளரும், பிறகு துளையைச் சுற்றி விரிசல் ஓடும். லோடரிலிருந்து பின் அச்சுவரை நீளும் எஃகு அடிச்சட்டம் இருந்தால், விசை கூட்டைத் தொடாமல் சட்டத்திலேயே போகும்.

அமெரிக்காவின் கேஸ் நிறுவனம் செய்த 320-ல் ட்ராக்டர், லோடர், பேக்ஹோ மூன்றும் ஒரே நிறுவனத்தின் பொறுப்பு, ஒரே வாரண்டி. அதுவரை விரிசல் வந்தால் ட்ராக்டர்காரர் கையைக் குறை சொல்வார், கை செய்தவர் ட்ராக்டரைக் குறை சொல்வார். அந்தத் தகராறுக்கு இடமில்லாமல் செய்ததால், மூன்றில் அதிகம் மறக்கப்பட்ட இதற்கே முதல் மதிப்பெண் தருவோம்.

கை திரும்பும் அச்சாக நிற்கும் கிங்போஸ்டிலும் பின்னாளில் வழி பிரிந்தது. அமெரிக்க வண்டிகளில் அது பெரும்பாலும் நடுவிலேயே நிலையாக நிற்கும், தரையில் ஊன்றும் கால்கள் அகல விரியும். உறுதி அதிகம், சுவரோரம் தோண்டத்தான் சிரமம். ஐரோப்பிய வழியில் கிங்போஸ்ட் பின்சட்டத்தில் பக்கவாட்டில் நகரும், கால்கள் நேராக இறங்கும். நம்மூரில் ஓடும் ஜேசிபி 3டிஎக்ஸ் இந்த இரண்டாவது வகை.

அந்த முதல் பத்தாண்டின் வண்டி ஒன்று கைக்கு வந்தால் பெயின்டைப் பார்த்து மயங்க வேண்டாம். பக்கெட்டைத் தரையில் வைத்து, எஞ்சினை அணைத்து, எல்லா லீவரையும் அசைத்து அழுத்தத்தை இறக்குங்கள். பெல் ஹவுசிங் போல்ட் வரிசையை மண்ணெண்ணெயில் கழுவி, விரிசல் காட்டும் சாயம் பூசிப் பாருங்கள். பிறகு பூமின் நுனியைக் கம்பியால் இடவலமாக நெம்புங்கள். கிங்போஸ்டின் பின் என்ற கீலாணியைச் சுற்றி இடைவெளி தெரிந்தால், அதற்கு உறையாக இருக்கும் புஷ் தேய்ந்திருக்கிறது. துளையே நீள்வட்டமாகியிருந்தால் புது புஷ் மட்டும் போதாது, துளையை நிரப்பிக் கடைந்து எடுக்க வேண்டும்.

திருப்பும் சிலிண்டரின் ஹோஸ்கள் அடிக்கடி வெடிக்கின்றனவா? பூம் வேகமாகத் திரும்பும்போது லீவரைச் சட்டென விட்டால், அடைபட்ட எண்ணெயில் அழுத்தம் எகிறும். இரு லைன்களுக்கும் இடையே, அழுத்தம் மிஞ்சினால் எண்ணெயைத் திறந்துவிடும் ரிலீஃப் வால்வு இல்லாத பழைய அமைப்பில் ஹோஸை மட்டும் மாற்றிப் பயனில்லை, வால்வைச் சேர்க்க வேண்டும். பெல் ஹவுசிங் விரிசலை அவசர வெல்டிங்கில் மூடாதீர்கள். வார்ப்பிரும்பு சூட்டில் இறுகி, வெல்டுக்குப் பக்கத்திலேயே மறுபடி பிளக்கும். வேறொரு ட்ராக்டரிலிருந்து நல்ல கூடு தேடி மாற்றி, அடிச்சட்டமும் போடுங்கள்.