குவார்ட்டரா, பீரா, ஒயினா, இல்லை மொத்தமாக நிறுத்துவதா? எடை குறைக்கிறவர்களுக்காக ஓர் அலசல்

எடை குறைக்க ஆரம்பித்தவர்களுக்கு இரண்டாவது வாரத்தில் இந்தக் கேள்வி வந்துவிடும். சோற்றைக் குறைத்தாயிற்று, டீயில் சர்க்கரை போயாயிற்று, காலையில் நடக்கவும் செய்கிறோம், சனிக்கிழமை மட்டும் கொஞ்சம் போட்டுக்கொண்டால் என்ன? அதற்குப் பின்னாலேயே இன்னொன்றும் வரும். பீரை விட்டுவிட்டு பிராந்திக்கு மாறினால் தொப்பை போய்விடுமாமே, நிஜமா?

என்னிடம் இதைக் கேட்டது என் மச்சினன். போன வருடம் ஒரே நாளில் இருவரும் மாஸ்டர் செக்கப் எடுத்தோம். அவன் 94 கிலோ, நான் 88. இருவருக்கும் கல்லீரலில் கொழுப்பு என்று ஸ்கேனில் வந்தது. இந்திய ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பார்கள் (பெண்களுக்கு 80), அவனுக்கு 104. இருவரும் சேர்ந்தே டயட்டில் இறங்கினோம். குடியை மட்டும் என்ன செய்வது என்பதில் ஒத்துப்போகவில்லை. அவன் ஒரு வழி பார்த்தான், நான் வேறு வழி பார்த்தேன், பல மாதங்கள் மாற்றி மாற்றி எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டோம். அதைத்தான் இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

பீரா, பிராந்தியா?

ஒரு கிராம் ஆல்கஹாலில் 7 கலோரி. மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் கிராமுக்கு 4, எண்ணெய்க்கும் நெய்க்கும் 9. அதாவது எண்ணெய்க்கு அடுத்த இடம் சரக்குக்கு, ஆனால் எவ்வளவு உள்ளே போனாலும் வயிறு நிறைந்த மாதிரி இருக்காது. நம்மூர் பிராந்தி, ரம், விஸ்கி பாட்டிலில் பெரும்பாலும் 42.8 சதவீதம் என்று அச்சடித்திருக்கும். அப்படியென்றால் 180 மில்லி குவார்ட்டரில் சுமார் 61 கிராம் ஆல்கஹால், 425 கலோரி. 650 மில்லி சாதா பீர் 5 சதவீதம் என்றால் அதில் 26 கிராம் ஆல்கஹால், மால்ட்டிலிருந்து வரும் மாவுச்சத்தையும் சேர்த்தால் 270 கலோரி பக்கம் வரும். அதே அளவு ஸ்ட்ராங் பீர் 8 சதவீதம் வரை போகும், அது 390ஐத் தொடும். ஒயின் 150 மில்லிக்கு 120, 130 கலோரி, இனிப்பு ஒயின் என்றால் இன்னும் கூடும்.

"பாருங்க மாமா, ஒரே போதைக்கு பிராந்தியிலதான் கலோரி கம்மி" என்றான் மச்சினன். கணக்கு சரிதான். ஒரு குவார்ட்டரில் இருக்கிற ஆல்கஹால் பீரில் கிடைக்க வேண்டுமென்றால் சாதா பீர் கிட்டத்தட்ட இரண்டரை பாட்டில் உள்ளே போக வேண்டும், அது 640 கலோரி. ஆனால் அவன் பீர் குடித்த காலத்தில் ஒரு பாட்டிலோடு எழுந்துவிடுவான், வயிறு உப்பிக்கொள்ளும், அதற்கு மேல் இறங்காது. பிராந்திக்கு மாறியதும் குவார்ட்டர் காலியாகாமல் எழுந்ததே இல்லை. 270இல் நின்றவன் 425க்குப் போய்விட்டான், அதுவும் எடை குறைப்பதற்காக மாறியவன்! அதனால் எதில் கலோரி குறைவு என்பதைவிட, எதில் உங்களால் நிறுத்த முடிகிறது என்று பாருங்கள். ஒரு சாதா பீரோடு நிறுத்த முடிகிறவர் பிராந்திக்கு மாறவே கூடாது. பீர் இரண்டு, மூன்று என்று போகிறவராக இருந்து, சோடாவோடு 60 மில்லியில் நிறுத்தவும் முடியும் என்றால் மாறுவதில் பலன் உண்டு, அந்த 60 மில்லியில் 140 கலோரிதான்.

அந்த 60 மில்லி நிஜமாகவே 60 மில்லிதானா என்பது வேறு விஷயம். ஒருநாள் வீட்டில் அவன் கண் அளவில் ஒரு லார்ஜ் ஊற்றினான். பாப்பாவின் இருமல் மருந்தோடு வந்த மூடி ஒன்று, 10 மில்லிக்குக் கோடு போட்டது, சமையலறையில் கிடந்தது. டம்ளரில் இருந்ததை அந்த மூடியால் அளந்து இன்னொரு டம்ளருக்கு மாற்றினோம். ஆறு மூடியில் முடிந்திருக்க வேண்டும். ஏழு, எட்டு, ஒன்பதாவது மூடியும் விளிம்பு வரை வந்தது. ஒரு லார்ஜ் என்று அவன் நம்பிக்கொண்டிருந்தது ஒரு கட்டிங், அதாவது 90 மில்லி. இரண்டு லார்ஜ் என்றால் முழுசாக ஒரு குவார்ட்டர். என் மனைவி அந்த மூடியைக் கழுவி அவன் கையிலேயே கொடுத்துவிட்டாள்.

மிக்ஸிங்கும் சைடிஷும்

மிக்ஸிங்கில் பெரிய யோசனையே வேண்டாம். தண்ணீருக்கும் சோடாவுக்கும் கலோரி இல்லை. 300 மில்லி கோலாவில் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை, 125 கலோரிக்குக் குறையாது. டப்பாவில் வரும் ஜூஸும் அதே கதைதான். சர்க்கரை இல்லாத கோலாவில் கலோரி மிச்சம் என்பது உண்மை, ஆனால் சர்க்கரை இல்லாத பானத்தோடு கலந்தால் சரக்கு வயிற்றிலிருந்து சீக்கிரம் இறங்கி இரத்தத்தில் வேகமாக ஏறும், போதையும் முன்னாடியே வரும். போதை ஏறினால் தட்டில் கை போவதை நிறுத்த முடியாது.

இங்கேதான் எடை கூடுகிறது. வறுத்த கடலை 100 கிராம் 560, 570 கலோரி, பேசிக்கொண்டே அது எப்போது தீர்ந்தது என்றே தெரியாது. ஒரு சனிக்கிழமை ராத்திரி நான் சாப்பிட்டதை மறுநாள் ஒரு தாளில் எழுதினேன். குவார்ட்டர் 425, அரை லிட்டர் கோலா 210, மசாலா கடலை 570, சில்லி சிக்கன் ஒரு பிளேட் 400 போட்டேன், அப்புறம் வருகிற வழியில் சால்னா ஊற்றி இரண்டு பரோட்டா, குறைத்துப் போட்டாலும் 700. மொத்தம் 2300. அதில் சரக்கின் பங்கு ஐந்தில் ஒன்றுகூட வரவில்லை. இவ்வளவு நாளாக நாங்கள் பாட்டிலில் பீரா பிராந்தியா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தது அந்த ஐந்தில் ஒரு பங்குக்காகத்தான்.

சரக்கு உள்ளே போனால் பசி ஏன் கூடுகிறது என்பதை லண்டனில் எலிகளை வைத்து ஆராய்ந்து 2017இல் வெளியிட்டார்கள். பட்டினியில் மூளையின் எந்த செல்கள் உசுப்பப்படுமோ, அதே செல்களை ஆல்கஹாலும் உசுப்பியது, எலிகள் வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தின்றன. அதனால் பரோட்டாக் கடையில் நின்றதற்கு மன உறுதி இல்லை என்று உங்களையே திட்டிக்கொள்ள வேண்டாம். மன உறுதியை எதிர்பார்க்கவே முடியாத நேரம் அது.

ராத்திரி சாப்பாட்டை விட்டுவிட்டால் சரிக்கட்டாதா?

இந்த வழிதான் நிறையப் பேர் செய்வது, எனக்குச் சுத்தமாகப் பிடிக்காததும் இதுதான். மத்தியானத்திலிருந்து பட்டினி கிடந்து, அந்தக் கலோரியை ராத்திரிக்கு மிச்சம் பிடிப்பது. கால்குலேட்டரில் சரியாக வரும். உடம்புக்குள் நடப்பது வேறு.

ஆல்கஹாலைச் சேமித்து வைக்க உடம்பில் இடம் கிடையாது. அது வந்தவுடனே மற்ற வேலையைத் தள்ளிவைத்துவிட்டு அதைத்தான் முதலில் தீர்க்கும். கல்லீரல் அதை உடைத்துக் கடைசியில் அசிட்டேட்டாக இரத்தத்தில் விடுகிறது, உடம்பு அதை எரிக்கிறது, அதுவரை கொழுப்பு வரிசையில் நிற்கிறது. 1999இல் அமெரிக்காவில் எட்டு ஆண்களுக்கு 24 கிராம் ஆல்கஹால் கொடுத்துப் பார்த்தார்கள், நம் கணக்கில் ஒரு லார்ஜுக்குக் கொஞ்சம் மேலே. அடுத்த சில மணி நேரத்தில் அவர்கள் உடம்பு கொழுப்பை எரிப்பது 73 சதவீதம் குறைந்தது. குடித்த ஆல்கஹாலில் கொழுப்பாக மாறியது 5 சதவீதத்துக்கும் கீழே. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். சரக்கு நேரடியாகத் தொப்பையாவதில்லை, அது எரிந்து முடிகிறவரைக்கும் கூடச் சாப்பிட்ட சில்லி சிக்கனின் எண்ணெய்தான் எரியாமல் போய்த் தங்குகிறது. கல்லீரல் மணிக்கு 7 முதல் 10 கிராம்தான் தீர்க்கும், ஆக ஒரு குவார்ட்டருக்கு ஆறிலிருந்து ஒன்பது மணி நேரம்.

வெறும் வயிற்றில் குடித்தால் இது இன்னும் மோசம், சரக்கு சட்டென்று ஏறும், பத்து மணிக்கு மேல் கட்டுப்பாடு போய் மிச்சம் பிடித்ததைப்போல இரண்டு மடங்கு சாப்பிடுவோம். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள் இதைச் செய்யவே கூடாது. சாப்பிடாமல் குடித்துவிட்டுப் படுத்தால் தூக்கத்திலேயே சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம், பக்கத்தில் இருப்பவர்கள் போதை என்று நினைத்து எழுப்பாமல் விட்டுவிடுவார்கள். நேர்மாறாகச் செய்யுங்கள். ஏழரைக்கே முட்டையோ மீனோ சிக்கனோ, காயோடு ஒழுங்காகச் சாப்பிட்டுவிட்டு அப்புறம் போய் உட்காருங்கள். மச்சினனுக்குப் பலன் கொடுத்த மாற்றங்களில் முதலிடம் இதற்குத்தான்.

தினமும் ஒன்றா, சனிக்கிழமை மட்டுமா?

கலோரியை மட்டும் பார்த்தால் பதில் கேட்கவே ஆச்சரியமாக இருக்கும். தினம் 60 மில்லி சோடாவோடு என்றால் வாரத்துக்கு 1000 கலோரி. என் சனிக்கிழமையைப் பாருங்கள். நாளைக்கு 500 குறைத்துச் சாப்பிடுவது என் திட்டம், வாரத்துக்கு 3500 மிச்சமாக வேண்டும். சனி ராத்திரி 2300 போனது, 450 கலோரி இட்லியோ சப்பாத்தியோ இருக்க வேண்டிய இடத்தில், ஆக 1850 கூடுதல். ஞாயிறு எழுந்ததே ஒன்பதரைக்கு, நடை போச்சு, மத்தியானம் பிரியாணி, அது ஒரு 700. மிச்சம் 950. ஒரு கிலோ கொழுப்புக்குத் தோராயமாக 7700 கலோரி என்று வைத்தால், மாதத்துக்கு ஒன்றே முக்கால் கிலோ குறைய வேண்டியவன் அரை கிலோதான் குறைவேன். ஐந்து நாள் ஒழுங்காக இருந்தும் ஏன் இறங்கவில்லை என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்ததற்கு விடை இதுதான்.

அதற்காக தினமும் குடியுங்கள் என்று ஒருநாளும் சொல்ல மாட்டேன். தினம் 60 என்பது 90 ஆகும், 90 பழகிப்போகும். தூக்கமும் போகும், குடித்தால் சீக்கிரம் தூங்குவோம், ஆனால் பின்னிரவில் தூக்கம் உடைந்து உடைந்து வரும், குறட்டை கூடும், மறுநாள் பசியும் இனிப்பு ஆசையும் தூக்கலாக இருக்கும். இந்தக் குளறுபடி வாரத்தில் ஏழு நாளும் என்றால் டயட் எப்படி நிற்கும்?

ஜிம் போகிறவர்களுக்கு இன்னொன்று. 2014இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வில், கடுமையான பயிற்சி முடித்துவிட்டு நிறையக் குடித்தவர்களுக்குத் தசை வளரும் வேகம், புரதம் எடுத்துக்கொண்டபோதுகூட 24 சதவீதம் குறைந்தது. அவர்கள் குடித்த அளவு பெரிது, 70 கிலோ ஆளுக்கு ஒன்றரைக் குவார்ட்டரைத் தாண்டும். ஆனால் நம்மூரில் லெக் டே முடித்த சனிக்கிழமையில் அந்த அளவு அபூர்வமா என்ன?

எடை மெஷினும் இந்த இடத்தில் ஏமாற்றும். ஆல்கஹால் சிறுநீரைக் கூடுதலாக வெளியேற்ற வைப்பதால், குடித்த மறுநாள் காலை அரை கிலோ குறைந்துகூடக் காட்டும். மச்சினன் ஒரு ஞாயிறு காலை போன் செய்து "குடிச்சும் இறங்கியிருக்கு மாமா" என்று சந்தோஷப்பட்டான். போனது தண்ணீர். சைடிஷ் உப்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ள, செவ்வாய்க்கிழமை ஒரு கிலோ ஏறியது, அன்று டயட்டே வேலை செய்யவில்லை என்று உட்கார்ந்துவிட்டான். வியாழன், வெள்ளி காலை எடையை மட்டும் வாரா வாரம் ஒப்பிட்டுப் பாருங்கள்.

மொத்தமாக நிறுத்துவது

என் ஓட்டு இதற்குத்தான், குறைந்தது மூன்று மாதம். எத்தனை மில்லி, எந்த மிக்ஸிங், எப்போது சாப்பிடுவது என்று வாரா வாரம் மனதுக்குள் பேரம் பேசிக்கொண்டிருந்த சக்தி மிச்சமாகிறது. நான் நிறுத்திய முதல் மூன்று வாரம் எடை பெரிதாக இறங்கவில்லை, காரணம் ராத்திரி எட்டு மணிக்குக் கை எதையாவது தேடும், மிக்சரும் ஐஸ்கிரீமும் அந்த இடத்துக்கு வந்துவிட்டன. இதை முன்கூட்டியே எதிர்பாருங்கள். எனக்கு எலுமிச்சையும் உப்பும் போட்ட சோடா கைகொடுத்தது. நான்காவது வாரத்திலிருந்து இறங்க ஆரம்பித்தது, மூன்று மாதத்தில் ஐந்து கிலோ. உடம்புக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது, கல்லீரலில் ஏற்கெனவே கொழுப்பு இருக்கிற எங்களைப் போன்றவர்களுக்கு வேறு வழியைத் தேடுவதே வீண் என்று நினைக்கிறேன்.

ஆனால் காலையிலேயே கை நடுங்குகிறவர்கள், தினமும் குவார்ட்டருக்கு மேல் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து. அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் போய்ப் பாருங்கள், இல்லை டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண் 14416க்கு போன் செய்யுங்கள், அது இலவசம். எடையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

மச்சினனால் மொத்தமாக விட முடியவில்லை. முன்னாடியே சாப்பிட்டுவிட்டு, அந்த மூடியால் ஆறு முறை அளந்து, சோடாவோடு, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை என்று வந்து நிற்கிறான். ஏழு மாதத்தில் 94லிருந்து 88. நான் மெஷினைவிட வேறொன்றைத்தான் பார்க்கிறேன். முன்பு ஞாயிற்றுக்கிழமை ரேஸ்கோர்ஸில் நான் மூன்று சுற்று முடித்துவிட்டு போன் செய்தாலும் எடுக்க மாட்டான். இப்போது ஆறேகாலுக்கு எனக்கு முன்னால் வந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருக்கிறான்.