எம்.எல்.ஏ.வின் வரலாறு தேட தேர்தல் ஆணையத் தளம் எவ்வளவு கைகொடுக்கும்?

ஒரு எம்.எல்.ஏ. எந்த ஆண்டு எங்கே நின்றார், எத்தனை ஓட்டு வாங்கினார் என்பதற்கு இந்தியத் தேர்தல் ஆணையத்தின் புள்ளிவிவர அறிக்கைகளைவிட நம்பகமான இடம் கிடையாது. 1951-52 முதல் தேர்தல் வாரியாக பிடிஎஃப் கோப்புகள் இருக்கின்றன, கட்டணம் இல்லை. ஆனால் பெயரைத் தட்டினால் ஒருவரது முழு வரலாறும் வந்து நிற்கும் என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான்.

கலைஞர் கருணாநிதியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1957 குளித்தலை முதல் 2016 திருவாரூர் வரை 13 முறை வென்றவர். "தமிழ்நாடு" என்று தேடினால் முதல் மூன்று தேர்தல்கள் சிக்காது. மாநிலத்தின் பெயர் மாறியது 1969இல், அதற்கு முந்தைய அறிக்கைகள் "மெட்ராஸ்" பெயரில் இருக்கின்றன. கட்சி வாரியாகப் பார்த்தால் 1957 மறுபடியும் விடுபடும். அப்போது தி.மு.க.வுக்கு அங்கீகாரம் இல்லாததால் அதன் வேட்பாளர்கள் எல்லாரும் சுயேச்சைகள் பட்டியலில் இருக்கிறார்கள். இது தெரியாமல் கட்டுரை எழுதுகிறவர்கள் நிறையப் பேர். 1996, 2001, 2006இல் அவர் ஜெயித்த சேப்பாக்கம் தொகுதியும் இன்று தனியாக இல்லை. தொகுதி எல்லைகளின் மறுவரையறைக்குப் பிறகு அது சேப்பாக்கம்-திருவல்லிக்கேணி. ஆக, ஆள் பெயரை விட்டுவிட்டு ஆண்டு, தொகுதி என்ற வரிசையில் தேடுவதே சரி. ஆங்கில எழுத்துக்கூட்டலும் இனிஷியலும் அறிக்கைக்கு அறிக்கை மாறும் என்பதால் பெயர்த்தேடல் எப்படியும் கைவிடும்.

பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. இந்த அறிக்கைகள் வெற்றியைச் சொல்லும், பதவிக்காலத்தைச் சொல்லாது. 1980இல் அண்ணா நகரில் வென்ற கருணாநிதி 1983இல் ஈழத்தமிழர் பிரச்சினைக்காக ராஜினாமா செய்தார். 1991இல் சென்னைத் துறைமுகம் தொகுதியில் வென்றும் பதவி விலகினார். 1984இல் அவர் போட்டியிடவில்லை, மேலவை உறுப்பினராக இருந்தார். 1986இல் மேலவையே கலைக்கப்பட்டது. பொதுத்தேர்தல் அறிக்கையில் இவை எதற்கும் இடமில்லை. பேரவை நடவடிக்கைக் குறிப்பையும் அந்தந்த ஆண்டுப் பத்திரிகைகளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் எழுத உட்காரக் கூடாது.

சொத்து, வழக்கு விவரங்களுக்கு ஆணையத்தின் பிரமாணப் பத்திரத் தளம். தேர்தல், மாநிலம், தொகுதி தேர்ந்தெடுத்தால், வேட்பாளர் வேட்புமனுவோடு தரும் பிரமாணப் பத்திரமான படிவம் 26 ஸ்கேன் செய்த பக்கங்களாகக் கிடைக்கும். உள்ளே சொல் தேட முடியாது, சில பக்கங்கள் மங்கல். ஒருவர் நான்கு வேட்புமனு வரை தாக்கல் செய்யலாம் என்பதால் ஒரே பெயரில் பல கோப்புகள் வந்தால் குழம்ப வேண்டாம். முதலில் கடைசியில் உள்ள 'பகுதி ஆ' சுருக்கத்தைப் பாருங்கள், பிறகு 5ஆம் பத்தியில் வழக்குகள், 7ஆம் பத்தியில் சொத்துகள். அசையாச் சொத்து அட்டவணையில் வாங்கிய தேதி, வாங்கிய விலை, இன்றைய தோராயச் சந்தை மதிப்பு என்று தனித்தனி வரிகள் உண்டு. "ஐந்தே ஆண்டில் சொத்து இரண்டு மடங்கு" என்று சொல்வதற்கு முன் புதிதாக வாங்கியது எவ்வளவு, பழைய நிலத்தின் விலை ஏறியது எவ்வளவு என்று இங்கேதான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

வழக்கு எண்ணிக்கையில் இன்னும் கவனம் தேவை. 2018 வரை இருந்த படிவம், இரண்டாண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய, நீதிமன்றத்தில் குற்றச்சாட்டு பதிவான வழக்குகளையும், நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்ற மற்ற வழக்குகளையும்தான் கேட்டது. அதன்பின் நிலுவையிலுள்ள எல்லா வழக்குகளையும் எழுத வேண்டும். 2016இல் பூஜ்யம், 2021இல் எட்டு என்றால் படிவம் மாறியதும் காரணமாக இருக்கலாம். சட்டப்பிரிவையும் படியுங்கள்: பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 143, 188 என்றிருந்தால் பெரும்பாலும் மறியல், ஆர்ப்பாட்ட வழக்கு. அதையும் மோசடி வழக்கையும் ஒரே தட்டில் வைப்பது அநியாயம்.

பிரமாணப் பத்திரம் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளால் வந்தது, 2002, 2003க்கு முன் கிடையாது. கலைஞரின் 13 தேர்தல்களில் 2006, 2011, 2016 மூன்றுக்கு மட்டுமே சொத்து விவரம் கிடைக்கும். பழைய தலைமுறை எம்.எல்.ஏ.க்களில் பலருக்கு இது அறவே உதவாது.