டெவ்ஆப்ஸ் அமைத்துத் தருகிறோம் என்று வருபவர்களிடம் பணம் கொடுக்கும் முன்: கோத்தகிரியிலிருந்து ஓர் எச்சரிக்கை

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும். ஆறிவிட்டால் நாகரிகம் பார்த்துப் பாதியை விழுங்கிவிடுவேன். போனது 4,80,000 ரூபாய், ஜிஎஸ்டி நீங்கலாக. சிறு நிறுவனங்களில் மென்பொருள் பிரிவை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டும் எவருக்கும் இது உதவும். என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கும் தொழிற்சாலைகளுக்குக் கொழுந்துக் கணக்கு மென்பொருள் செய்து தருகிறோம். எடை போடுமிடத்தில் கைபேசியில் எடையைப் பதிவார்கள், விவசாயிக்குச் சீட்டு கிடைக்கும், சிக்னல் உள்ள இடத்துக்கு வந்ததும் பதிவுகள் சர்வருக்கு ஏறும். மாதந்தோறும் தேயிலை வாரியம் அறிவிக்கும் சராசரி விலையை ஒட்டிப் பணம் கணக்கிடப்படும். இதில் ஒரு சிறு மாற்றத்தை வெளியிடுவதென்றாலும் எங்களுக்கு ராத்திரி வேலைதான். நிரல் எழுதுகிறவர்கள் உடனே வெளியிடத் துடிப்பார்கள். சர்வரைப் பார்த்துக்கொள்பவர், பட்டுவாடா முடியும்வரை யாரும் எதையும் தொடக் கூடாது என்று குறுக்கே நிற்பார். இந்த இழுபறியிலிருந்து பிறந்ததுதான் டெவ்ஆப்ஸ்: இரு தரப்பும் சேர்ந்தே பொறுப்பெடுத்து, சோதனையையும் வெளியீட்டையும் தானாக ஓடவிடும் வேலைமுறை. ஆகவே எங்கள் தேவையில் பொய் இல்லை.

வந்தவர்களின் பெயரைச் சொல்ல வேண்டாம் என்கிறார் வழக்கறிஞர். சமவெளியிலிருந்து வரும் ஓர் ஆலோசனை நிறுவனம், 'டிஜிட்டல் மாற்றம்' விற்கிற வகை. அது போதும்.

வந்தவர் விஷயம் தெரியாதவர் அல்ல. அதனால்தான் இத்தனை எரிச்சல். 2009-இல் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் பாட்ரிக் டெபுவா கூட்டிய முதல் டெவ்ஆப்ஸ் மாநாட்டைச் சொன்னார். அதே ஆண்டு புகைப்படத் தளமான ஃபிளிக்கரின் பொறியாளர்கள் இருவர் ஒரு நாளைக்குப் பத்துக்கு மேற்பட்ட முறை வெளியிடுவதாக மேடையில் சொன்னதைச் சொன்னார். எத்தனை முறை வெளியிடுகிறோம், எழுதிய மாற்றம் பயனரைச் சேர எவ்வளவு நேரமாகிறது, வெளியீடுகளில் எத்தனை பழுதாகின்றன, பழுதானால் எவ்வளவு நேரத்தில் மீள்கிறோம் என்று நான்கு அளவைகளைப் பலகையில் எழுதினார். எல்லாம் சரியான தகவல்கள். 2017 ஜனவரி 31 அன்று, நிரல்களைச் சேமித்து வைக்கும் தளம் நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தரவுத்தளத்தை அழித்துவிட்டதையும், எடுத்து வைத்ததாக நம்பிய காப்புப்பிரதிகள் அவசரத்துக்கு உதவாமல், தற்செயலாகக் கிடைத்த ஆறு மணி நேரப் பழைய பிரதியிலிருந்து மீண்டதையும் விலாவாரியாகச் சொல்லி, "உங்களுக்கு இப்படி ஆகலாமா சார்?" என்றார். இந்தக் கதையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு மடிக்கணினியைத் திறந்து எங்கள் திரையில் இருந்த ஒரு தலைப்பை மாற்றினார். நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் ஏற்றினார். அதை எடுத்துத் தானாக வெளியிடும் ஜென்கின்ஸ் என்ற கருவியின் பக்கத்தில் கட்டங்கள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின: கட்டுமானம், சோதனை, வெளியீடு. வர்க்கியைத் தேநீரில் நனைத்துச் சாப்பிட்டு முடிப்பதற்குள் புதிய தலைப்பு எங்கள் கைபேசியில் வந்துவிட்டது. எங்கள் கணக்குப் பிரிவில் ஓர் அக்கா இருக்கிறார். ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்பும் தன் நோட்டில் உள்ள மாதிரிச் சீட்டுகளைப் பதிந்து, கால்குலேட்டரில் தட்டிப் பார்த்துத் தொகை பொருந்தினால்தான் தலையாட்டுவார். அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அக்கா, இனி உங்களுக்கு இந்தச் சிரமம் வேண்டாம். சோதனை தானாக ஓடும். சிவப்பாக இருந்தால் வெளியே போகவே போகாது." அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் 4,80,000 ரூபாய்.

வேலையும் நடந்தது. மென்பொருளைப் பெட்டி பெட்டியாகக் கட்டி ஓட்டும் டாக்கர் வந்தது, அந்தப் பெட்டிகளைப் பல சர்வர்களில் நிர்வகிக்கும் குபர்நெட்டிஸ் வந்தது. சில நூறு பேர் பயன்படுத்தும் மென்பொருளுக்குக் குபர்நெட்டிஸ் எதற்கு என்று எங்களிடம் நிரல் எழுதும் பையன் கேட்டதற்கு, "நாளைக்கு நீங்கள் வளர வேண்டாமா தம்பி?" என்று பதில். எங்கள் கிளவுட் கட்டணம்தான் வளர்ந்தது, மூன்று மடங்காக. இரண்டு நாள் பயிற்சி, ஆளுக்கொரு சான்றிதழ், குழுப் புகைப்படம். இறுதி அறிக்கையில் பழுதான வெளியீடுகள் பூஜ்யம் என்று போட்டிருந்தார்கள். பழுதைப் பதிவு செய்ய ஏற்பாடே வைக்கவில்லை, அப்புறம் பூஜ்யம் வராமல் என்ன வரும்?

வடகிழக்குப் பருவமழை நேரம். ஈரக் கொழுந்துக்கு எடைக் கழிவு போடும் விதத்தை மாற்றி ஒரு வெளியீடு போனது. எல்லாம் பச்சை. ஆனால் சிக்னல் இல்லாத கிராமங்களில் பழைய செயலிதான் ஓடிக்கொண்டிருந்தது. அது கழிவு போக மீதி எடையை அனுப்பியது, புதிய சர்வர் அதிலிருந்து மறுபடியும் கழித்தது. பட்டுவாடா அன்று காலையிலிருந்தே தொலைபேசி. ஒரு பெரியவர் எடைச் சீட்டுகளை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கே வந்துவிட்டார். "என் கொழுந்தை யார் தின்றது?" என்று கேட்டார். என்ன பதில் சொல்வது?

ஒரே பொத்தானில் பழைய பதிப்புக்குத் திரும்பலாம் என்றார்களே, அழுத்தினோம். நிரல் திரும்பியது. தரவுத்தளத்தின் அமைப்பு புதிய வடிவிலேயே நின்றது, பழைய நிரலால் அதைத் திறக்கவே முடியவில்லை. சரி, காப்புப்பிரதியைப் போடுவோம் என்று பார்த்தால், தினமும் ஒரு கோப்பு தவறாமல் இருந்தது, அளவு பூஜ்யம் பைட். தரவுத்தளக் கடவுச்சொல்லை அவர்களே மாற்றியிருக்கிறார்கள், காப்புப்பிரதி எடுக்கும் நிரலில் பழையதே கிடக்கிறது. கிட்லேப் கதை சொன்ன அதே வாய்!

அதற்குப் பிறகுதான் எங்கள் பையன் பைப்லைன் கோப்பை, அதாவது ஜென்கின்ஸ் ஒவ்வொரு கட்டத்திலும் என்ன செய்ய வேண்டும் என்று எழுதி வைத்த கோப்பைத் திறந்து சோதனைக் கட்டத்தில் என்ன இருக்கிறது என்று காட்டினான். ஒரே வரி. 'சோதனைகள் வெற்றி' என்று திரையில் அச்சிடும் எக்கோ கட்டளை. வேறு எதுவும் இல்லை. மென்பொருளே இல்லாவிட்டாலும் அந்தக் கட்டம் பச்சையாகத்தான் இருக்கும். அதுவரை நான் கோபப்பட்டிருந்தேன் என்றே சொல்ல முடியாது.

அழைத்தோம். விற்க வந்தவர், "நான் இப்போது வேறு பிரிவு சார், திட்ட மேலாளரிடம் பேசுங்கள்" என்றார். மேலாளர் அவர்கள் தளத்தில் புகார் டிக்கெட் போடச் சொன்னார். போட்டோம். யாரும் பேசாமலேயே அது 'தீர்க்கப்பட்டது' என்று மூடப்பட்டது. மறுபடி போட்டதற்கு, மழையில் உங்கள் மலையில் இணையம் போயிருக்கும் என்று பதில். எக்கோ வரியைப் படமெடுத்து அனுப்பினோம். அது வெறும் மாதிரி, சோதனை எழுதுவது வாடிக்கையாளர் பொறுப்பு, ஒப்பந்தத்தைப் பாருங்கள் என்றார்கள். கடைசியாகப் பேசியவர் சொன்னது இன்னும் காதில் கிடக்கிறது: "டெவ்ஆப்ஸ் என்பது கருவி அல்ல சார், கலாச்சாரம். உங்கள் ஆட்களின் மனநிலை இன்னும் மாறவில்லை." கருவியைத் தவிர வேறு எதையும் கொண்டுவராதவர்கள் சொல்கிறார்கள் இதை! 4,80,000 ரூபாய் வாங்கிக்கொண்டு!

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வணிக நோக்கத்துக்காகப் பெற்ற சேவை வராது, சிவில் வழக்குதான் என்று ஊட்டி வழக்கறிஞர் சொல்லிவிட்டார். அதற்கு ஆகும் செலவையும் சொன்னார்.

விவரமாக ஆலோசனை சொல்கிறேன் என்று தொடங்கினேன். தலை வலிக்கிறது, தோன்றுவதை மட்டும் எழுதுகிறேன். பைப்லைன் கோப்பை வரிவரியாகத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அவர்கள் கண் முன்னே வேண்டுமென்றே ஒரு கணக்கைத் தப்பாக மாற்றி ஏற்றுங்கள், சிவப்பாகாவிட்டால் வாசலைக் காட்டுங்கள். காப்புப்பிரதியைப் புதிய சர்வரில் மீட்டுக் காட்டாமல் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள். கிளவுட் கணக்கு உங்கள் மின்னஞ்சலில் இருக்க வேண்டும், எங்களுடையது அவர்களுடையதில் இருக்கிறது, இன்னும் திரும்ப வாங்க முடியவில்லை. சோதனை யார் எழுதுவது என்று ஒப்பந்தத்தில் பெயரோடு போடுங்கள். ஜென்கின்ஸும் டாக்கரும் குபர்நெட்டிஸும் இலவசமாகக் கிடைப்பவை, அவற்றை நிறுவித் தருவதற்கு லட்சக்கணக்கில் கேட்டால் வேறு என்ன தருவீர்கள் என்று கேளுங்கள்.

இன்னும் இருக்கிறது, பிறகு எழுதுகிறேன். அக்கா விவசாயிகளிடம் வாங்கிய சீட்டுகளை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டிருக்கிறார், பதிவதற்கு ஆள் போதவில்லை.