கசப்பைத் தேடி: குளூட்டன் இல்லாத பானங்களோடு நான்கு ஆண்டுகள்

தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பில் மச்சான் குளிர்ந்த ஸ்டவுட் பீர் ஒன்றை என் கையில் திணித்து, "ஒரு கிளாஸ்தானே, என்ன ஆகிவிடும்?" என்றார். எனக்கு ஆகும். மறுநாள் முழுக்கக் கட்டிலுக்கும் கழிவறைக்கும் நடை, அடுத்த ஒரு வாரம் அடித்துப் போட்டாற்போல அலுப்பு. மூன்று ஆண்டுகள் கேஸ்டிரிக் மாத்திரை விழுங்கிய பிறகு, 2021இல்தான் இரத்தப் பரிசோதனையும் குடல் திசுச் சோதனையும் செய்து சீலியாக் நோய் என்று உறுதிப்படுத்தினார்கள். கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், என் உடலின் எதிர்ப்புச் சக்தியே என் சிறுகுடலைத் தாக்கும். பீர் பார்லியில் பிறந்தது. வேறென்ன சொல்ல?

ரொட்டி சானாயை இழந்ததைவிட பீரை இழந்ததுதான் வலித்தது என்றால் அம்மா முறைப்பார். நான் பெருங்குடிகாரன் அல்லன். வெள்ளிக்கிழமை மாலை, பட்டர்வொர்த்தில் ஓர் உணவங்காடி நிலையம், மூன்று நண்பர்கள், நடுவில் ஒரு பெரிய பாட்டில். அந்த மேசையில் என் கிளாஸ் மட்டும் காலியாக இருந்தது.

ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பார்லி தண்ணீர் குடி என்றார் ஒருவர், மைலோ குடி என்றார் இன்னொருவர். முன்னது பார்லியேதான், பின்னதில் பார்லி மால்ட், அதாவது முளைகட்டிய பார்லி. மது இல்லாத பீரில் மதுவை எடுத்தார்களே தவிர பார்லியை எடுக்கவில்லை. ஜப்பான் பீர் அரிசியில் செய்வது என்று ஒருவர் அடித்துச் சொன்னார். டின்னைத் திருப்பிப் பார்த்தால் அரிசிக்கு முன்னால் மால்ட் உட்கார்ந்திருந்தது.

பிறகு 'குளூட்டன் குறைத்த' பீர் என்று ஒன்று கிடைத்தது. பார்லியில் காய்ச்சி, நொதியால் குளூட்டனைத் துண்டு துண்டாக உடைத்துவிடுகிறார்கள். சுவை அசல் பீர், குறையே சொல்ல முடியாது. ஆனால் உடைந்த துண்டுகளை வழக்கமான சோதனைகள் சரியாக அளப்பதில்லை. கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குள் இருந்தால் ஐரோப்பாவில் இதைக் குளூட்டன் இல்லாதது என்றே விற்கலாம், அமெரிக்காவில் அப்படி விற்க முடியாது. இரண்டு முறை குடித்தேன், இரண்டாம் முறை வயிறு பதில் சொல்லிவிட்டது. வேறொருவருக்கு ஒத்துக்கொள்ளலாம், என்னைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம்.

மெல்பர்னிலிருந்து தங்கை கொண்டுவந்தது வெள்ளைச் சோளத்தில் காய்ச்சிய பீர் (நம் ஊரில் சோளம் என்றால் ஜாகோங், அதாவது மக்காச்சோளம் என்றே நினைப்பார்கள், இது அது இல்லை). ஆஸ்திரேலியாவில் விதி கடுமை. சோதனையில் குளூட்டன் தென்படவே கூடாது, அதனால் பயமில்லாமல் குடித்தேன். கசப்பு இருந்தது. நுரைதான் ஊற்றிய வேகத்தில் ஓடிவிட்டது. நாக்கில் கடைசியாக ஒரு புளிப்பு தங்கியது, மூன்றாவது பாட்டிலில் அதுவும் பழகிவிட்டது. பெட்டியில் சுமந்துவந்த ஆறு பாட்டில்களை ஐந்து மாதம் வைத்துக் குடித்தேன் என்பதே என் மதிப்பெண்.

ஆப்பிள் சைடர் பேரங்காடியில் எளிதாகக் கிடைக்கிறது, குளூட்டனும் இல்லை. தித்திப்புதான் தாங்கவில்லை. ஐஸ் நிறையப் போட்டு, இரண்டு லீமாவ் கஸ்தூரி (குட்டி எலுமிச்சை) பிழிந்தால் ஒரு கிளாஸ் இறங்கும். அதற்கு மேல் எனக்கு முடியாது.

கள்ளைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகச் சொல்ல வேண்டும். நிபோங் திபால் பக்கம் தோட்டத்தில் வளர்ந்தவர் சித்தப்பா. "தென்னம்பாளையில் ஏதடா கோதுமை?" என்று கேட்டு, உரிமம் பெற்ற ஒரு கடைக்கு அவர்தான் அழைத்துப் போனார். காற்றிலுள்ள ஈஸ்ட்டே பாளைச்சாற்றைப் புளிக்கவைக்கிறது, தானியம் என்ற பேச்சே இல்லை. காலையில் இறக்கியது மதியம் இளந்தித்திப்பு, மாலையில் புளிப்பு, மறுநாள் காடி. நான் மூன்று மணிக்குள் போய்விடுவேன். நுரை தானாகப் பொங்கி நிற்கும். பீர் தராத ஒரு மணமும் உண்டு, சிலருக்கு அதுதான் பிடிக்காது. கடையில் கவனிக்க வேண்டியது தொட்டுக்கொள்ளும் பண்டங்களை. மாவில் தோய்த்துப் பொரித்தது, கிச்சாப் (சோயா சாஸ்) ஊற்றிப் பிரட்டியது எதிலும் கோதுமை இருக்கலாம். வேகவைத்த கச்சான் (வேர்க்கடலை) போதும் எனக்கு. உரிமம் இல்லாத இடத்தில் குடிப்பதில்லை. 2018இல் சிலாங்கூரில் மெத்தனால் கலந்த மது குடித்து எத்தனை பேர் செத்தார்கள் என்பது மறக்கவில்லை.

மேசையில் பீர் இருந்தால் ஒன்றும் சொல்லாத அம்மா, கள் என்றதும் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பாட்டியின் சம்பளத்தைத் தாத்தா எங்கே கரைத்தார் என்பது அவருக்குத் தெரியும். 1941இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கள்ளுக்கடைகளை மூடு என்பதும் அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. அம்மாவின் கோபத்துக்கு என்னிடம் பதில் இல்லை. மாதம் ஒரு முறை போகிறேன், வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை.

சரவாக்கிலிருந்து வந்த சக ஊழியர் காவாய் அறுவடைத் திருநாள் கொண்டாட்டத்துக்குத் துவாக் என்ற அரிசி மது கொடுத்தார். செய்முறையில் 'ராகி' என்று இருந்ததைக் கேழ்வரகு என்று எண்ணி மகிழ்ந்தேன். மலாயில் அது புளிக்கவைக்கும் ஈஸ்ட் உருண்டையாம்! அவருடைய அம்மா அரிசி மாவில் பிடித்தது என்று உறுதி சொன்ன பிறகே குடித்தேன். துவாக்குக்குப் போடும் புளுட் அரிசியின் ஆங்கிலப் பெயரில் 'குளூட்டினஸ்' என்று வருவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது வெறும் ஒட்டும் தன்மையைத்தான் சொல்கிறது. துவாக் நல்ல பானம், ஆனால் தித்திப்பும் போதையும் ஒயின் பக்கம் நிற்பவை. கொரிய மக்கொல்லியும் அரிசிதானே என்று ஏமாறாதீர்கள், அதைப் புளிக்கவைக்கும் நுருக் பெரும்பாலும் கோதுமையில் செய்வது.

இத்தனைக்கும் பிறகு வெள்ளிக்கிழமை மேசையில் நிலைத்தது மது இல்லாத ஒன்று. டானிக் வாட்டர் ஒரு டின், பினாங்கின் பாலிக் பூலாவ் ஜாதிக்காய்ச் சாறு மூன்று மேசைக்கரண்டி, லீமாவ் கஸ்தூரி ஒன்று, ஒரு சிட்டிகை உப்பு. டானிக்கில் உள்ள குயினைன் தரும் கசப்பு அடித்தொண்டையில் நிற்கிறது, மடமடவென்று குடித்துத் தீர்க்க விடாது. நான் தேடியது அதைத்தான் என்பது தெரிய இரண்டு ஆண்டுகள் ஆயின. சர்க்கரை இருக்கிறது, அதனால் இரண்டு கிளாஸோடு நிறுத்திவிடுவேன். நுரை கிடையாது.

உணவங்காடி நிலையத்தின் தண்ணீர்க்கடை ஆன்ட்டி இப்போது எனக்காக இரண்டு டின் டானிக் வாங்கி வைக்கிறார். சாற்றை நான் சின்னப் போத்தலில் கொண்டுபோகிறேன். போன வாரம் மச்சான் என் கிளாஸிலிருந்து ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். பிறகு, "அந்த ஜாதிக்காய் எங்கே வாங்குகிறாய்?" என்று கேட்டார்.