சீரியம் ஆக்சைடா, வைரப் பசையா?

கபோஷான் கல்லை, அதாவது பட்டை வெட்டாமல் வழவழப்பாக்கும் கல்லை, குவிமாடம் போல் தேய்த்து 3000 கிரிட் (தேய்ப்புத் துகளின் அளவு; எண் கூடக்கூடத் துகள் நுண்மை) வரை கொண்டுவந்தாயிற்று. இனி கடைசி மெருகு. எதைக் கொண்டு போடுவது?

அகேட், ஜாஸ்பர் போன்ற குவார்ட்ஸ் வகைகள் என்றால் நான் யோசிக்காமல் சீரியம் ஆக்சைடைத்தான் எடுப்பேன். தூளைத் தண்ணீரில் கரைத்து, ஃபெல்ட் (அழுத்திய கம்பளி) சக்கரத்தில் தடவி, கல்லை அழுத்திப் பிடிக்க வேண்டும். இது வெறுமனே உராய்வதில்லை; சிலிக்காவோடு வேதிவினையும் புரிகிறது. அந்தக் கண்ணாடிப் பளபளப்பின் ரகசியம் இதுதான். சக்கரம் லேசாகக் காயும்போது கல்லைப் பிடித்து இழுக்கும். மெருகு வேகமாக ஏறுவது அப்போதுதான். சூடு ஏறுவதும் அப்போதுதான். ஓப்பல் என்றால் விரிசல் விடலாம், சக்கரத்தை ஈரமாகவே வைத்திருங்கள். கை, சட்டை, மேசை எல்லாம் சேறாவது தனிக்கதை.

மாணிக்கம், நீலக்கல்லிடம் சீரியத்தின் பருப்பு வேகாது. கடினத்தை 1 முதல் 10 வரை குறிக்கும் மோஸ் அளவில் 9 கொண்டவை அவை. அங்கே வைரத் தூள் கலந்த வைரப் பசைதான். 14000 கிரிட், பிறகு 50000 கிரிட் என ஏற வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தோல் பட்டை. கரடான துகள் ஒன்று நுண்பட்டைக்குத் தாவினாலும் புதுக் கீறல் விழும், மறுபடி பின்னால் போக வேண்டியதுதான். மென்மையும் கடினமும் கலந்த கற்களிலும் வைரமே மேல். ஃபெல்ட்டில் நெடுநேரம் தேய்த்தால் மென்மையான இடங்கள் குழிந்துவிடும்.

விலை? வைரம்தான் அதிகம். ஆனால் ஒரு பொட்டு நெடுநேரம் வரும்.

சரி, எதை எடுத்தாலும் முந்தைய கட்டத்துக் கீறலை அது மறைக்காது. முதலில் கல்லைத் துடைத்து, உருப்பெருக்கியில் பாருங்கள்.