ஊர் ப்ரூவரியின் பேல் ஏல்: காய்ச்சியவர்களுக்கு முழு மார்க், ஊற்றியவர்களுக்குப் பாதி

வெளிநாட்டில் இருக்கும் நண்பர்கள் சிலர் நான் ஊருக்குக் கிளம்பும்போதே சொல்லியிருந்தார்கள், அங்கே புதிதாக வந்திருக்கும் ப்ரூவரியில் (பீர் காய்ச்சும் இடத்தில்) பேல் ஏல் என்ற வெளிர் நிற பீர் ஒன்று போடுகிறார்களாம், குடித்துப் பார்த்துவிட்டு எப்படி இருக்கிறது என்று எழுது என்று. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பீர் நன்றாக இருக்கிறது. நம்ம ஊர்க்காரர்கள் போட்டது என்று சலுகை காட்டி மார்க் போட வேண்டிய அவசியமே இல்லாத அளவுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் அதே பீரை ப்ரூவரியில் குடித்தேன், வெளியே ஒரு ரெஸ்டாரண்டில் குடித்தேன், கடையில் கேனாக வாங்கியும் குடித்தேன், ஒவ்வொரு இடத்திலும் அது வேறு வேறு பீராக இருந்தது. அந்த வித்தியாசத்துக்குக் காய்ச்சியவர்கள் காரணம் இல்லை. காய்ச்சிய பிறகு அது யார் யார் கைக்குப் போனதோ அங்கேதான் காரணம் இருக்கிறது, அதனால் இடம் இடமாகவே எழுதுகிறேன்.

பேல் ஏலில் குறையை மறைக்க வழி கிடையாது. ஸ்டவுட் என்ற கறுப்பு பீர் என்றால் கருக வறுத்த மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) இருக்கிறது, ஐபிஏ (இந்தியா பேல் ஏல்) என்றால் கசப்பும் வாசனையும் தரும் ஹாப்ஸ் பூவை அள்ளிப் போட்டிருப்பார்கள், சின்னச் சின்னப் பிழைகள் அதற்கு அடியில் போய்விடும். பேல் ஏலில் மால்ட்டும் கசப்பும் வாசனையும் ஒன்றையொன்று தாங்கி நிற்க வேண்டும். இங்கிலாந்தில் கோக் கரியால் (நிலக்கரியைச் சுட்டுப் புகையை நீக்கிய கரி) மால்ட்டை உலர்த்தப் பழகிய பிறகு புகை நெடி இல்லாத வெளிர் மால்ட் கிடைத்தது, அதிலிருந்துதான் இந்த வகையே தொடங்குகிறது. பர்ட்டன் அபான் ட்ரென்ட் ஊர்த் தண்ணீரில் ஜிப்சம் என்ற உப்பு அதிகம், அது ஹாப்ஸின் கசப்பைத் தெளிவாக எடுத்துக் காட்டும், அதனால் அந்த ஊர் பேல் ஏலுக்குப் பேர் வாங்கியது. இன்று கிராஃப்ட் ப்ரூவரிகளில் பேல் ஏல் என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது அமெரிக்க வகை. 1972இல் வெளியான கேஸ்கேட் என்ற ஹாப்ஸ் ரகத்தை வைத்து, 1980இல் கலிஃபோர்னியாவின் சிக்கோ நகரில் சியரா நெவாடா என்ற ப்ரூவரி காய்ச்ச ஆரம்பித்த பேல் ஏல்தான் இன்றைக்கும் எல்லாரும் அளவுகோலாக வைத்துக்கொள்வது. நானும் அதை மனதில் வைத்துத்தான் குடித்தேன்.

ப்ரூவரியில் முதலில் பிடித்தது பலகை. பெயர், ஆல்கஹால் சதவீதம், கசப்பு அளவு, என்ன ஹாப்ஸ் என்று எல்லாம் எழுதியிருந்தார்கள். பேல் ஏலுக்கு 5.2 சதவீதம், 36 ஐபியு (கசப்பை அளக்கும் அலகு). பீர் நடுவர்களுக்கான பிஜேசிபி வழிகாட்டியில் அமெரிக்கன் பேல் ஏலுக்கு 4.5 முதல் 6.2 சதவீதம் வரை, கசப்பு 30 முதல் 50 ஐபியு வரை என்று இருக்கும், ஆக இவர்கள் நடுவில் நிற்கிறார்கள். வாங்குவதற்கு முன் சின்ன கிளாஸில் ருசி பார்க்கக் கேட்டேன், முகம் சுளிக்காமல் ஊற்றிக் கொடுத்தார்கள். இதை நான் பெரிய விஷயமாகவே பார்க்கிறேன். பல இடங்களில் "ஸ்ட்ராங்கா, லைட்டா" என்பதைத் தாண்டிப் பேச்சே நடக்காது.

அடுத்து நடந்ததுதான் பிடிக்கவில்லை. முழு கிளாஸ் கேட்டதும் ஊற்றிக் கொடுக்கும் தம்பி ஃப்ரீசரைத் திறந்து, வெள்ளையாகப் பனி படர்ந்திருந்த கிளாஸை எடுத்தார். நான் நிறுத்தி, "தம்பி, சாதா கிளாஸ்ல கொடுங்க" என்றேன். "சார், இதுலதான் ஜில்லுனு இருக்கும், எல்லாரும் இதைத்தான் கேக்கறாங்க" என்றார். அவர் சொன்னது உண்மைதான், வெயிலில் வருகிறவர்கள் அப்படித்தான் கேட்பார்கள், அவர்மேல் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் பேல் ஏலுக்குப் பனிக் கிளாஸ் ஆகாது. குளிர் கூடக்கூட ஹாப்ஸ் வாசனை மேலே எழும்பாது, நாக்கும் மரத்துப்போகும், கிளாஸில் படிந்த பனி உருகிப் பீரோடு கலக்கும், நுரையும் தாறுமாறாகப் பொங்கும். 7 முதல் 10 டிகிரி செல்சியஸ் இந்த வகைக்குச் சரியான சூடு. ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்து ஒரு பத்து நிமிஷம் மேஜையில் வைத்தாலே அந்த அளவுக்கு வந்துவிடும். கேட்டதும் அவர் சாதா கிளாஸை எடுத்துத் தண்ணீரில் அலசி ஊற்றினார். அதையும் சொல்ல வேண்டும், கேட்டால் செய்கிறார்கள். கேட்காதவர்களுக்குப் பனிக் கிளாஸ்தான்.

சரி, பீர். நிறம் வெளிர் தங்கத்துக்கும் தாமிரத்துக்கும் நடுவில், லேசான மங்கல். ட்ரை ஹாப்பிங் செய்த (காய்ச்சிய பிறகு ஹாப்ஸை ஊறப்போட்ட) பீரில் இந்த மங்கல் இருக்கத்தான் செய்யும், குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. நுரை வெள்ளையாக, இரண்டு விரல் உயரத்துக்கு நின்றது, குடிக்கக் குடிக்க கிளாஸின் உள்பக்கம் வளையம் வளையமாக ஒட்டிக்கொண்டே வந்தது. கிளாஸ் சுத்தமாக இருந்தது என்பதற்கு அதுதான் அடையாளம். எண்ணெய்ப் பிசுக்கோ சோப்போ ஒட்டியிருந்தால் நுரை நிற்காது, குமிழிகளும் மேலே போகாமல் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். நீங்கள் எந்த பாரில் குடித்தாலும் ஒரு சொட்டு வாயில் படுவதற்கு முன்பே இதைப் பார்த்துவிடலாம்.

வாசனைக்காகத்தான் நான் கொஞ்ச நேரம் காத்திருந்தேன். முதலில் ஒன்றும் வரவில்லை. குளிர் இறங்கியதும் கிரேப்ஃப்ரூட் தோல், அதன் பின்னால் பூ வாசனை, கடைசியில் பைன் பிசின் போல ஒரு கூர்மை. கேஸ்கேட் என்று பலகையில் எழுதாமல் இருந்தாலும் தெரிந்திருக்கும். வாயில் வைத்தால் முதலில் பிஸ்கட் போன்ற மால்ட், லேசான கேரமல், உடனே கசப்பு எழுந்து வந்து அந்த இனிப்பைத் துடைத்துவிடுகிறது. அந்த நேரம் மிகச் சரியாக அமைந்திருக்கிறது. கசப்பு தொண்டையில் சொரசொரப்பாக நிற்கவில்லை, வறண்டு முடிகிறது, அடுத்த வாய்க்குக் கை தானாகப் போகிறது. ஒரே ஒரு குறை சொல்வேன். கேரமல் மால்ட் ஒரு பிடி அதிகம். கிளாஸின் கடைசிப் பகுதியில் பீர் சூடேறும்போது அந்த இனிப்பு முன்னால் வந்து ஹாப்ஸை மறைக்கப் பார்க்கிறது. அதைக் குறைத்தால் இதை எங்கே கொண்டுபோய் வைத்தாலும் தலைநிமிர்ந்து நிற்கும்.

கூட்டம் குறைந்திருந்ததால் பீர் காய்ச்சும் ப்ரூவரிடம் பேசக் கிடைத்தது. இளம் பெண், தன் தொட்டிகளைக் காட்டும்போது அவர் முகத்தில் இருந்த அக்கறை எனக்கு ரொம்பப் பிடித்தது. தண்ணீரைப் பற்றித்தான் முதலில் கேட்டேன். எங்கள் பக்கத்துத் தண்ணீர் கடினத் தண்ணீர், ஆர்ஓவில் வடிகட்டி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பிறகு ஜிப்சமும் கால்சியம் குளோரைடும் அளந்து போடுகிறார்களாம். பர்ட்டனில் மண்ணுக்கடியில் தானாகக் கிடைத்ததை இங்கே தராசில் நிறுத்துப் போடுகிறார்கள். அந்த வறண்ட முடிவு எங்கிருந்து வந்தது என்று அப்போது புரிந்தது. நொதித்தல் முடிந்த கையோடு குளிர்விக்க மாட்டோம், இன்னும் சில நாள் சூடாகவே விட்டு வைப்போம் என்றும் சொன்னார். இந்தத் தகவல் பின்னால் எனக்கு ரொம்ப உதவியது. ஈஸ்ட் வேலை செய்யும்போது டைஅசெட்டில் என்ற பொருள் உண்டாகும், வெண்ணெய் வாசனை அடிக்கும். அவசரப்பட்டுக் குளிர்விக்காமல் விட்டால் ஈஸ்ட்டே அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். விற்கிற அவசரத்தில் நிறையச் சின்ன ப்ரூவரிகள் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். இவர்கள் விடவில்லை, நான் குடித்த கிளாஸில் வெண்ணெய் வாசனை துளியும் இல்லை.

அப்புறம் ஒரு மாலை, சொந்தக்காரர்களோடு ஒரு ரெஸ்டாரண்டுக்குப் போனோம். அங்கேயும் இதே ப்ரூவரியின் பேல் ஏல் குழாயில் வருகிறது என்று மெனுவில் பார்த்ததும் எல்லாருக்கும் வாங்கிக் கொடுத்தேன், நான்தான் அவ்வளவு புகழ்ந்திருந்தேனே. கிளாஸை மூக்கருகே கொண்டுபோனதும் பாப்கார்ன் வெண்ணெய் வாசனை. பின்னால் லேசான புளிப்பும் இருந்தது. என் அத்தை மகன் ஒரு வாய் குடித்துவிட்டு, "மாமா, இதுக்குத்தானா இவ்வளவு பேசினீங்க" என்று கேட்டான். எனக்கு உண்மையிலேயே கஷ்டமாக இருந்தது, பீருக்காகவும் அதைக் காய்ச்சிய அந்தப் பெண்ணுக்காகவும்.

வெண்ணெய் வாசனை வந்தால் இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று காய்ச்சும் இடத்தில் அவசரம். இன்னொன்று, பீப்பாயில் இருந்து குழாய்வாய்க்கு வரும் லைனைக் கழுவாமல் விட்டது. லைனில் படியும் பாக்டீரியாக்களும் அதே டைஅசெட்டிலை உண்டாக்கும், கூடவே புளிப்பையும் கொண்டுவரும். புளிப்பும் சேர்ந்து இருந்ததால் எனக்கு லைன்மேல்தான் சந்தேகம். உறுதி செய்துகொள்ள, அதே பீர் கேனில் இருக்கிறதா என்று கேட்டேன், இருந்தது. அதில் வெண்ணெயும் இல்லை, புளிப்பும் இல்லை. இதே குழாய் வரிசையில் வரும் லாகர் என்ற வேறு வகை பீரையும் கொஞ்சம் ஊற்றித் தரச் சொன்னேன், அதிலும் அதே வெண்ணெய். லைனை எப்போது கழுவினீர்கள் என்று சர்வரிடம் கேட்டால், மேனேஜரைக் கூப்பிட்டார். மேனேஜர் மரியாதையாகப் பேசினார், பில்லில் இருந்து கழித்தும் விட்டார், ஆனால் அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை காஸ்டிக் கரைசல் போட்டுக் கழுவ வேண்டும் என்பது அமெரிக்க ப்ரூவர்கள் சங்கம் சொல்லும் கணக்கு. வெயில் ஊரில் லைன் குளிராத இடத்தில் ஓடினால் அதைவிடச் சீக்கிரம் கழுவுவதுதான் நல்லது என்பேன். பில்லில் கழித்தது எனக்குப் பெரிதில்லை. எனக்குப் பின்னால் வந்து அங்கே முதல்முறையாகப் பேல் ஏல் குடிக்கிற ஒருவர், பேல் ஏல் என்றாலே இப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்துவிட்டுப் போவாரே, அதுதான் உறுத்துகிறது.

கடையில் வாங்கிய கேனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரெஸ்டாரண்ட் கேன் நன்றாக இருந்த நம்பிக்கையில் கடையிலும் வாங்கினேன். ஃப்ரிட்ஜில் இடம் இல்லை என்று வெளியே அடுக்கி வைத்திருந்தார்கள். குடித்தால் பழுது என்று சொல்லிவிட முடியாது, ஆனால் ஹாப்ஸ் போய்விட்டது. கிரேப்ஃப்ரூட் இருந்த இடத்தில் தேன் போன்ற ஒரு மந்தமான இனிப்பு, முடிவில் நனைந்த அட்டைப்பெட்டி வாசனை. இது ஆக்சிஜனும் சூடும் சேர்ந்து செய்கிற வேலை. கேன் என்பதால் வெளிச்சம் கெடுக்கவில்லை, ஆனால் சூட்டை அலுமினியத் தகடு தடுக்காது. அடைத்த தேதி கேனில் எங்கேயும் இல்லை, எது வரைக்கும் குடிக்கலாம் என்ற தேதி மட்டும்தான் இருந்தது, அதற்கு இன்னும் மாதக்கணக்கில் நாள் கிடந்தது. ஹாப்ஸ் வாசனையை நம்பி நிற்கிற பீருக்கு அந்தத் தேதி போதாது. எப்போது அடைத்தார்கள் என்று தெரிந்தால்தான் வாங்குகிறவர் தானே முடிவு செய்ய முடியும்.

போகிறவர்களுக்கு நான் சொல்வது, முடிந்தால் ப்ரூவரிக்கே போய்க் குடியுங்கள், வண்டி ஓட்டாமல் போங்கள். பனிக் கிளாஸ் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மற்ற இடங்களில் முதலில் சாம்பிள் கேளுங்கள், வெண்ணெயோ புளிப்போ வந்தால் கேனுக்கு மாறிக்கொள்ளுங்கள், எதனால் என்று அங்கேயே மரியாதையாகச் சொல்லிவிட்டும் வாருங்கள். கடையில் ஃப்ரிட்ஜுக்கு வெளியே இருப்பதை எடுக்காதீர்கள்.

ஊரில் இருந்து கிளம்புவதற்கு முன் இதையெல்லாம் ப்ரூவரிக்கு எழுதிப் போட்டேன், கேரமல் மால்ட் பற்றியும் சேர்த்து. அன்று மாலையே பதில் வந்தது. மால்ட் பற்றி யோசிக்கிறோம் என்றார்கள், அடைத்த தேதியை அச்சடிக்க லேபிள்காரரிடம் பேசுகிறோம் என்றார்கள், ரெஸ்டாரண்டுக்கு ஆள் அனுப்பி லைனைப் பார்க்கிறோம் என்றும் சொன்னார்கள். கடைப் பெயரையும் கேனின் அடியில் இருந்த பேட்ச் எண்ணையும் கேட்டிருந்தார்கள், இரண்டையும் அனுப்பிவிட்டேன்.